ஏமாந்தவனா குற்றவாளி?

கேமரன் மலையின் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்து வளர்ந்த இளைஞன், பிழைப்புத் தேடிக் கோலாலம்பூருக்கு இறங்குகிறான். நகரத்து நடைபாதையில் ஏமாற்றப்பட்டுக் கைப்பொருளை இழக்கிறான். வாடிய முகத்தோடு தானா ராத்தாவுக்குத் திரும்பி வருகிறான் என்று கொள்க. வீட்டு வாசலை மிதித்ததும் அவனை எதிர்கொள்ளும் முதற்கேள்வி எது? 'உன்னை ஏமாற்றியவன் யார்?' என்பதன்று. 'உன் புத்தி எங்கே போயிற்று?' என்பதே அது. தந்தை கேட்கிறார்; தாய்மாமன் கேட்கிறார்; லயத்தின் அடுத்த வீட்டார் கேளாமலே பார்வையால் கேட்கின்றனர். விசாரணை அந்த ஒரு கேள்வியோடு முடிந்துவிடுகிறது. தீர்ப்பும் அதற்குள்ளேயே அடங்கிக் கிடக்கிறது: ஏமாற்றியவன் கெட்டிக்காரன், ஏமாந்தவன் முட்டாள்.

இந்தத் தீர்ப்பு தவறானது. தவறானது என்பதோடு நில்லாமல் தீங்கும் விளைப்பது. வீதியில் வஞ்சகம் செய்து வாழ்பவனுக்கு அவனுடைய கைத்திறனைவிட, நாவன்மையைவிடப் பெருந்துணையாக நிற்பது, ஏமாந்தவனைப் பழிக்கும் இந்தச் சமுதாயப் பழக்கமே. பழிக்கு அஞ்சியவன் வாய் திறப்பதில்லை. வாய் திறவாதவன் காவல் நிலையத்தின் படியேறுவதில்லை. முறையீடு இல்லாத குற்றத்திற்கு விசாரணை இல்லை. விசாரணைக்கு உட்படாத வஞ்சகன் மறுநாளும் அதே தெருமுனையில் அடுத்த ஆளுக்காகக் காத்து நிற்கிறான். இந்தச் சங்கிலியின் முதற்கண்ணி கோலாலம்பூரின் நடைபாதையில் இல்லை. ஏமாந்தவனை எள்ளி நகையாடும் வீட்டு வாசலில் இருக்கிறது. அதை உருக்கிக் கொடுத்ததில் பள்ளி வகுப்பறைக்கும் பங்கு உண்டு.

தானா ராத்தாவுக்கும் கோலாலம்பூருக்கும் இடையே ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தொலைவு. அதில் தாப்பா வரை வளைந்து வளைந்து இறங்கும் மலைப்பாதை மட்டுமே 60 கிலோமீட்டர் அளவினது. அந்த வளைவுகளைக் கடந்து நகரத்தில் கால் வைக்கும் இளைஞன் நடந்தே செல்பவன். நடப்பவனைத்தான் நிறுத்த முடியும். நடப்பவனிடந்தான் பேச்சுக் கொடுக்க முடியும். காரின் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு செல்பவர் வீதி வஞ்சகனின் முகத்தையே பார்ப்பதில்லை. அவர் தம் அறிவால் தப்பினார் என்று எண்ணுவது பேதைமை. தம் வண்டியால் தப்பினார். வீதி மோசடி என்பது பெரும்பாலும் ஏழையையும், முதியவரையும், ஊருக்குப் புதியவரையும் குறிவைக்கும் மோசடி என்பதை முதலில் மனத்தில் இருத்த வேண்டும்.

அந்த இளைஞனை எதிர்கொள்ளும் வலைகள் பல. 1990-களிலும் அதற்குப் பின்னரும் மலேசிய நகரங்களின் அங்காடி முகப்புகளில் 'கோரேஸ் டான் மெனாங்' என்னும் கீறல் சீட்டு பரவியிருந்தது. வழியில் செல்பவர் கையில் ஓர் அட்டையைத் திணிப்பார்கள். கீறிப் பார்த்தால் பெரும் பரிசு விழுந்திருக்கும். வாழ்த்துவதற்கு நாலு பேர் சூழ்ந்துகொள்வார்கள். பரிசைப் பெற 'அலுவலகம்' ஒன்றுக்கு அழைத்துச் செல்வார்கள். அங்கே வரி என்றும், பதிவுக் கட்டணம் என்றும் ஆயிரக்கணக்கான வெள்ளி கேட்பார்கள்; அல்லது அடிமாட்டு விலைக்கும் பெறாத சமையற் பொருளை யானை விலைக்குத் தலையில் கட்டுவார்கள். இஃது ஒரு வலை. துறவிக் கோலம் பூண்டு தாயத்தும் மணியும் நீட்டிக் காணிக்கை பறிக்கும் போலித் துறவி மற்றொரு வலை. இல்லாத அநாதை இல்லத்தின் பெயரால் உண்டியல் குலுக்குபவன் இன்னொரு வலை. 'ஊருக்குத் திரும்பப் பேருந்துக் கட்டணம் இல்லை' என்று கண்ணீர் வடித்து, மறுநாளும் அதே இடத்தில் அதே கண்ணீரை வடிப்பவன் வேறொரு வலை. 'வேலை தயாராக இருக்கிறது. முன்பணம் மட்டும் கட்டு' என்று தோளில் கைபோடும் தரகன் எல்லாவற்றிலும் கொடிய வலை.

இவ்வலைகள் அனைத்தையும் கூர்ந்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். ஒவ்வொன்றும் மனிதனின் ஒரு நற்குணத்தைப் பற்றிக்கொண்டே இழுக்கிறது. உண்டியல் இரக்கத்தைப் பற்றுகிறது. துறவுக் கோலம் பக்தியைப் பற்றுகிறது. கண்ணீர் மனிதாபிமானத்தைப் பற்றுகிறது. கீறல் சீட்டுங்கூடப் பேராசையை மட்டும் பற்றுவதன்று. நீட்டியதை மறுத்தால் நீட்டியவர் மனம் நோகுமே என்னும் பண்பையும் அது பற்றுகிறது. முரடனும் கல்நெஞ்சனும் இவ்வலைகளில் எளிதில் விழுவதில்லை. ஆகவே, விழுந்தவனைப் பார்த்து நகைப்பவர், உண்மையில் தாமே அவனுக்குக் கற்பித்த நற்பண்பைப் பார்த்தே நகைக்கின்றனர்.

இது கோலாலம்பூருக்கோ தமிழருக்கோ மட்டும் உரிய கதையன்று. 1849-ஆம் ஆண்டில் நியூயார்க் நகரத் தெருக்களில் வில்லியம் தாம்சன் என்பவன் நன்கு உடுத்தி உலவினான். வழியில் செல்லும் கனவான்களைப் பழகியவன்போல் அணுகிச் சிறிது நேரம் இனிமையாக உரையாடுவான். பின்னர், 'நாளை வரை உங்கள் கடிகாரத்தை என்னிடம் விட்டுவைக்கும் அளவுக்கு உங்களுக்கு என்மீது நம்பிக்கை உண்டா?' என்ற பொருளில் ஒரு கேள்வியைக் கேட்பான். நம்பிக்கை இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்ல நாணி, கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்தவர்கள் இருந்தார்கள். அவன் சிறைப்பட்டபோது செய்தித்தாள்கள் அவனுக்கு 'நம்பிக்கை மனிதன்' என்று பெயரிட்டன. ஏமாற்றுக்காரனைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லே அதிலிருந்து பரவிற்று. கடிகாரத்தை இழந்தவர்கள் எழுத்தறியாப் பாமரர் அல்லர். உலகின் பெருநகரம் ஒன்றில் வாழ்ந்த வசதி படைத்தோர். அவர்களை வீழ்த்தியது அறியாமையன்று. 'இல்லை' என்று சொல்லக் கூசிய நாகரிகம்.

நியூயார்க் கனவானுக்கே 'இல்லை' என்று சொல்லக் கூசிற்று என்றால், தோட்டத்துப் பிள்ளைக்கு அந்தச் சொல் எங்கிருந்து வரும்? தோட்ட வாழ்க்கை மூன்று தலைமுறையாக அவன் குடும்பத்துக்குக் கற்பித்தது என்ன? விடியுமுன் பெரட்டுக் களத்தில் நிற்பது. பெயரைக் கூப்பிட்டதும் குரல் கொடுப்பது. தண்டல் காட்டிய நிரையில் இறங்குவது. கிராணி நீட்டிய தாளில் கேள்வி கேளாமல் கைந்நாட்டு வைப்பது. கையில் கோப்பும் சட்டைப்பையில் பேனாவும் வைத்திருப்பவர் சொன்னால் அது சரியாகத்தான் இருக்கும் என்பது அங்கே வாழ்வின் விதியாக இருந்தது. அந்த விதிக்குப் பணியாதவனுக்கு வேலை இல்லை. வேலை இல்லாதவனுக்கு லயத்து வீடும் இல்லை. பணிவு அவர்களுக்குக் குணமாக அமையுமுன் கூலியாக அமைந்தது. இன்று நகரத்து நடைபாதையில், கழுத்தில் அட்டை தொங்கவிட்டுக் கையில் கோப்போடு நிற்கும் வஞ்சகன், 'தம்பி, இங்கே வா' என்று அதிகாரத்தோடு அழைத்தால், அந்த இளைஞனின் கால்கள் அவனைக் கேளாமலே நின்றுவிடுகின்றன. நிற்பவன் அவன் மட்டும் அல்லன். அவனுடைய பாட்டனும் பூட்டனும் அவனோடு சேர்ந்து நிற்கின்றனர்.

அழைக்கும் குரல் தமிழாகவும் இருந்துவிட்டால் சொல்ல வேண்டியதில்லை. அந்நிய நகரத்தில், அறிமுகமற்ற முகங்களுக்கு இடையே, தாய்மொழி காதில் விழுந்ததும் மனம் இளகுகிறது. 'நீங்கள் தமிழா? எந்த ஊர்? கேமரன் மலையா? அங்கே எனக்கு உறவினர் உண்டு' என்ற நான்கு வார்த்தைகளில் முன்பின் அறியாதவன் அண்ணனாகிவிடுகிறான். இனப்பற்றும் மொழிப்பற்றும் வேண்டும் என்று மேடைதோறும் முழங்கிய சமுதாயம், அந்தப் பற்றையே தூண்டிலில் கோத்து எறிபவனும் உண்டு என்பதை எந்த மேடையில் எடுத்துரைத்தது?

'ஆசைதான் காரணம், ஆசை இல்லாதவனை யாராலும் ஏமாற்ற முடியாது' என்று வாதிடுவோர் உண்டு. கேட்பதற்கு ஞானமொழிபோல் ஒலிக்கும் இவ்வாதத்தை வரலாற்றின் முன் நிறுத்திப் பார்க்க வேண்டும். கேமரன் மலையில் முதல் பெரிய தேயிலைத் தோட்டத்தை ஜே. ஏ. ரசல் 1929-இல் தொடங்கினார். காட்டை வெட்டித் தேயிலையை நட்ட கைகளில் பெரும்பகுதி தமிழர் கைகள். மலாயாத் தோட்டங்களுக்கு வந்த தமிழரில் மிகப் பலர் கங்காணி முறையின் வழியே வந்தவர்கள். தோட்டத்திலிருந்து தன் சொந்த ஊருக்கே அனுப்பப்பட்ட கங்காணி, தன் மொழியில், தன் உறவினரிடம், தன் சாதியாரிடம் பேசி ஆள் சேர்த்தான். ஆள் ஒன்றுக்கு இவ்வளவு என்று தரகு பெற்றான். கங்காணிகள் எல்லாரும் வஞ்சகர் அல்லர். எனினும், கடலுக்கு அப்பால் காத்திருந்த கடனையும் காய்ச்சலையும் மறைத்துக் கூலியையும் வளத்தையும் மட்டுமே விரித்துரைத்தவர் பலர். இந்திய அரசு 1938-இல் தோட்டத் தொழிலாளர் குடியேற்றத்திற்குத் தடை விதித்தபோதுதான் அம்முறை முடிவுக்கு வந்தது.

அந்தச் சொல்லை நம்பிக் கப்பலேறியவர்களைப் பேராசைக்காரர் என்று இன்று எந்த வரலாற்று ஆசிரியராவது எழுதுகிறாரா? எந்தத் தமிழ்க் கவிஞனாவது அவர்களை முட்டாள்கள் என்று பாடுகிறானா? இல்லை. பஞ்சமும் கடனும் சாதிக்கொடுமையும் அவர்களைத் துரத்தின, உறவுக்குரல் அவர்களை அழைத்தது, அவர்கள் நம்பினார்கள். அவர்களுக்காகக் கண்ணீர் சிந்தும் அதே சமுதாயம், அவர்களுடைய கொள்ளுப்பேரன் வேலைத் தரகனிடம் முன்பணத்தைப் பறிகொடுத்துத் திரும்பும்போது மட்டும் ஏன் கைகொட்டிச் சிரிக்கிறது? தேயிலைத் தோட்டங்களில் இன்று அயல்நாட்டுத் தொழிலாளர் பெருமளவில் வேலை செய்கின்றனர். மலையில் பிறந்த தமிழ் இளைஞனுக்கு நகரமே பிழைப்பு. வேலை வேண்டும் என்பது ஆசையா, தேவையா? பசித்தவன் சோற்றுக்கு நீட்டிய கையை ஆசையின் கை என்று சொல்வது அறமாகுமா?

தமிழாசிரியர்கள் ஆண்டுதோறும் கற்பிக்கும் சிலப்பதிகாரம் இவ்வழக்கை முன்பே விசாரித்துத் தீர்ப்பும் வழங்கிவிட்டது. கோவலன் யார்? பெருநகரம் ஒன்றுக்குப் புதிதாக வந்து, கைம்முதல் இன்றி, வீதியில் நடந்து செல்பவன். ஒற்றைச் சிலம்பை விற்க மதுரைக் கடைவீதிக்குள் நுழைகிறான். நூறு பொற்கொல்லர் பின்தொடர, மெய்ப்பை அணிந்து பெருமிதத்தோடு வரும் ஒருவனைக் காண்கிறான்; அவன் அரசனுடைய பொற்கொல்லனாகத்தான் இருப்பான் என்று கருதி அணுகுகிறான். பொற்கொல்லன் பணிந்து பேசுகிறான், சிலம்பைப் புகழ்கிறான், 'அரசனிடம் கூறி வருகிறேன், இங்கேயே இரும்' என்று சொல்லிச் செல்கிறான். கோலமும் பணிவும் புகழ்ச்சியும் காத்திருக்கச் சொல்லும் தந்திரமும் ஆகிய நான்கு கருவிகளும் அங்கே உள்ளன. இன்றைய நடைபாதை வஞ்சகன் கையாள்பவையும் இந்த நான்கே.

காப்பியம் அதோடு நிற்கவில்லை. கொல்ல வந்த காவலரே கோவலனைக் கண்டு, இவன் கள்வனாகத் தோன்றவில்லையே என்று தயங்குகின்றனர். அப்போது கள்வர்க்குத் துணையாகும் எட்டு உபாயங்களை வகுத்து விரிவுரை நிகழ்த்துபவன் யார்? சிலம்பைத் திருடிய அந்தப் பொற்கொல்லனே! திருட்டைப் பற்றி நாட்டிலேயே சிறப்பாகப் பேசுபவன் திருடனாக இருக்கிறான். சென்னையில் மூதாட்டிகளை வழிமறித்து, 'நாங்கள் காவலர்கள்; முன்னே திருடர் நடமாட்டம்; நகைகளைக் கழற்றித் தாளில் பொதிந்துகொள்ளுங்கள்' என்று எச்சரித்து, பொதிந்து தருவதுபோல் கல்லை வைத்துக் கொடுத்துவிட்டு நகையோடு மறையும் கும்பல்களைப் பற்றிய செய்தி திரும்பத் திரும்ப வருகிறது. மலேசியாவில் காவல் அதிகாரியாகவும் நீதிமன்ற அலுவலராகவும் நடித்துத் தொலைபேசியில் மிரட்டுவோரும் அதே பள்ளியில் பயின்றவர்கள். மதுரைப் பொற்கொல்லன் இறக்கவில்லை, உடையைத்தான் மாற்றிக்கொண்டான்.

அப்படியானால் இளங்கோவடிகள் யாரைக் குற்றவாளி ஆக்கினார்? முன்பின் அறியாதவனிடம் சிலம்பைக் காட்டினாயே என்று கண்ணகி தன் கணவனைப் பழித்தாளா? வெட்டுண்டு கிடந்தவனைக் கண்டு அவள் கேட்ட கேள்வி நகரத்தை நோக்கியது: இந்த ஊரில் சான்றோர் இருக்கின்றார்களா, தெய்வம் இருக்கின்றதா என்பது. ஆராயாதவன் என்னும் பழிச்சொல்லை அவள் அரியணையை நோக்கி எறிந்தாள். கணவனின் உடலை நோக்கி எறியவில்லை. அந்தச் சொல்லின் நியாயத்தைப் பாண்டியனும் உணர்ந்தான். பொற்கொல்லன் பேச்சைக் கேட்ட தானே கள்வன் என்று தன்மீது தீர்ப்புக் கூறி உயிர் துறந்தான். ஆராய்ந்து பார்க்கும் கடமை அதிகாரம் உடையவனுக்கே முதலில் உரியது என்பதே காப்பியத்தின் தீர்ப்பு. அதைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்த தமிழர், தம் வீட்டுக் கோவலன் திரும்பி வரும்போது மட்டும் அதைத் தலைகீழாகப் படிக்கின்றனர்.

நாட்டின் சட்டமும் காப்பியத்தின் பக்கமே நிற்கிறது. மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 420-ஆம் பிரிவு, ஏமாற்றிப் பொருளைப் பெறுபவனுக்கு ஓராண்டுக்குக் குறையாமலும் பத்தாண்டுக்கு மேற்படாமலும் சிறையும், பிரம்படியும், அபராதமும் விதிக்க இடம் தருகிறது. ஏமாந்தவன் முட்டாளாக இருந்தால் தண்டனையைக் குறைக்கலாம் என்று அப்பிரிவில் ஒரு வரியும் இல்லை. ஆயினும் அந்தச் சட்டம் தானாக எழுந்து நடக்காது. ஒருவன் சென்று முறையிட வேண்டும். முறையிட வேண்டியவனின் வாயைத்தான் சமுதாயம் வெட்கம் என்னும் துணியால் கட்டி வைத்திருக்கிறது.

அந்தக் கட்டு இன்று உயிருக்கே உலை வைக்கும் அளவுக்கு முற்றிவிட்டது. வேலை தருவதாகவும் கடன் தருவதாகவும் சொல்லி, இளைஞனின் வங்கி அட்டையையும் இரகசிய எண்ணையும் வாங்கிக்கொள்ளும் கும்பல்கள் பெருகியுள்ளன. சில நூறு வெள்ளிக்கு அவன் கொடுத்த கணக்கின் வழியே, வேறொருவரிடம் பறித்த பணம் ஓடுகிறது. காவலர் தேடி வரும்போது கையில் சிக்குபவன் கும்பலின் தலைவன் அல்லன். கணக்குக்கு உரிய இளைஞனே. கணக்கைப் பிறருக்கு இரவல் கொடுப்பதைத் தனிக் குற்றமாக்கும் பிரிவுகள் 2024-இல் தண்டனைச் சட்டத்தில் சேர்க்கப்பட்டன. அட்டையைக் கொடுத்த அன்றே, 'அப்பா, ஒரு தவறு செய்துவிட்டேன்' என்று சொல்லக்கூடிய வீடு அவனுக்கு இருந்திருந்தால், மறுநாளே வங்கிக்கும் காவல் நிலையத்துக்கும் சென்றிருப்பான். சொல்ல அஞ்சினான், குற்றவாளிக் கூண்டில் நிற்கிறான். ஏமாந்தவனைக் குற்றவாளி என்று பழித்த வாய்கள், இறுதியில் அவனை மெய்யாகவே குற்றவாளி ஆக்கிவிட்டன.

இதற்கு மாறாக, பழிப்பதை விடுத்து வழியைத் திருத்தினால் என்ன நிகழும் என்பதற்குக் கோலாலம்பூரிலேயே சான்று உண்டு. 1976-இல் திறக்கப்பட்ட புடுராயா பேருந்து நிலையத்தை முதிய தலைமுறை மறந்திராது. வாசலில் கால் வைத்ததும் சீட்டுத் தரகர்கள் பயணிகளைச் சூழ்ந்துகொள்வார்கள். பையைப் பிடித்து இழுப்பார்கள். மிகை விலைக்குச் சீட்டு விற்பார்கள். உரிமம் இல்லாத வண்டியில் ஏற்றிவிடுவார்கள். மலாய்மொழியில் அவர்களை 'ஊலாட் டிக்கெட்' என்று அழைத்தனர். சீட்டுப் புழுக்கள் என்பது பொருள். 'விழிப்பாக இருங்கள்' என்ற எச்சரிக்கை ஆண்டுக்கணக்கில் ஒலித்தது. புழுக்கள் நெளிந்துகொண்டே இருந்தன. பின்னர், 2011-இல் பண்டார் தாசேக் செலாத்தானில் தெற்கு ஒருங்கிணைந்த முனையம் இயங்கத் தொடங்கியது. எல்லா நிறுவனங்களின் சீட்டுகளையும் பொது முகப்புகளில் விற்கும் முறை அங்கே வந்தது. சீட்டு ஒரே இடத்தில், எழுதிவைத்த விலையில் கிடைத்தபோது, அங்கே தரகனுக்குப் பிழைப்புச் சுருங்கியது. பயணிகள் ஓர் இரவில் அறிவாளிகள் ஆகிவிடவில்லை. ஏமாற்றுவதற்கு இருந்த இடம் அடைபட்டது. பயிரைத் திட்டித் திருத்த முடியாது. வேலியைக் கட்டித்தான் காக்க முடியும்.

ஏமாந்தவனைப் பழிக்கக் கூடாது என்பதால் பிள்ளைகளுக்கு எதுவும் கற்பிக்க வேண்டியதில்லை என்பது பொருளன்று. அதே வேளையில், 'யாரையும் நம்பாதே' என்று கற்பிப்பதும் விடையன்று. திருவள்ளுவர் 'தெரிந்துதெளிதல்' என்று ஓர் அதிகாரமே வகுத்தார். ஆராயாமல் நம்புவதை மட்டும் அவர் குற்றம் என்றாரில்லை. ஆராய்ந்து நம்பியபின் ஐயுறுவதையும் அதனோடு சேர்த்தே கண்டித்தார். எவரையும் நம்பாத சமுதாயம் ஏமாறாமல் இருக்கலாம். ஆனால் அது சமுதாயமாக இராது. மேலும், 'நம்பாதே' என்று கற்ற பிள்ளை யாரை நம்பாமல் போகிறான்? தோட்டத்தில் கொழுந்து வெட்டும் வங்காளதேசத்து ஏழையையும், தெருவைக் கூட்டும் நேப்பாளியையும் ஐயத்தோடு பார்க்கிறான். தன் மொழியில் இனிக்கப் பேசும் வஞ்சகனையோ அண்ணன் என்கிறான். ஐயம் எங்கே தேவையில்லையோ அங்கே முளைக்கிறது. எங்கே தேவையோ அங்கே வாடிவிடுகிறது.

வேண்டுவது ஐயம் அன்று; தெரிவு. அந்தத் தெரிவைத் தேயிலைத் தோட்டத்துத் தாய்மார்களுக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. கண்ணுக்குப் பச்சையாகத் தெரியும் செடி முழுவதையும் அவர்கள் பறித்ததில்லை. இரண்டு இலையும் ஒரு கொழுந்துமாக விரலே தேர்ந்தெடுத்தது. முற்றிய இலையை விரலே விலக்கியது. முற்றிய இலையை விலக்கியதால் செடியை அவர்கள் வெறுத்தார்கள் என்று யாரும் சொல்வதில்லை. மனிதரிடத்தும் அத்தகைய தெரிவைப் பழக்க முடியும். அதைப் பழக்குவதே கல்வி.

இங்கேதான் தமிழ்ப்பள்ளி தன் பங்கை எண்ணிப் பார்க்க வேண்டும். நன்னெறிப் பாடம் என்ன கற்பிக்கிறது? பெரியோர் சொல் கேள், கேட்டவர்க்கு உதவு, மறுத்துப் பேசாதே. மூன்றும் நல்லவையே. ஆனால் கேட்டவர் யார் என்று ஆராயவும், பெரியவரே ஆனாலும் தவறானதைக் கேட்டால் மறுக்கவும், மறுத்துவிட்டு நடந்துகொண்டே இருக்கவும் கற்பிக்கும் பாடம் எங்கே? 'ஏன்' என்று கேட்ட மாணவனை வாய் நீண்டவன் என்று நாற்காலிமேல் ஏற்றிவைத்த ஆசிரியர், அவனைப் பத்தாண்டுக்குப் பின் வரப்போகும் வஞ்சகனுக்குப் பக்குவப்படுத்திக் கொடுக்கிறார். பெரட்டுக் களத்தின் பணிவை ஒழிக்க வேண்டிய பள்ளி, அதற்குச் சுண்ணாம்பு அடித்துப் புதுப்பித்து வைத்திருக்கிறது.

மாணவர்க்குக் கற்பிக்க வேண்டியவை மிக எளியவை. நடைபாதையில் முன்பின் அறியாதவர் பேச்சுக் கொடுத்தால், புன்னகையோடு ஒரு சொல் கூறிவிட்டு நிற்காமல் நடப்பது மரியாதைக் குறைவு அன்று. திணிக்கப்பட்ட பொருளைக் கீழே வைத்துவிடுவது குற்றம் அன்று. உண்மையான வேலை முன்பணம் கேட்பதில்லை. உண்மையான பரிசு வரி கட்டச் சொல்லிப் பின்கட்டு அலுவலகத்துக்கு அழைத்துச் செல்வதில்லை. உண்மையான காவலர் தெருவில் நகையைக் கழற்றச் சொல்வதில்லை. ஐயம் எழுந்தால், 'காவல் நிலையத்திலேயே பேசிக்கொள்ளலாம்' என்று கூறும் உரிமை குடிமகனுக்கு உண்டு. 'இப்பொழுதே, இந்த நிமிடமே' என்று விரைவுபடுத்துபவனிடம் 'நாளை வருகிறேன்' என்று சொன்னாலே பாதி வலை அறுந்துவிடும். ஏனெனில் வஞ்சகனிடம் இல்லாத ஒரே பொருள் நாளை. வங்கிக் கணக்கின் வழியே பணம் பறிபோனால் உடனே அழைப்பதற்கென்று 2022-இல் தொடங்கப்பட்ட தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் எண் 997. பெருக்கல் வாய்பாட்டோடு இந்த எண்ணையும் மாணவர் அறிந்திருக்க வேண்டும்.

இவற்றைச் சுவரொட்டியில் எழுதி ஒட்டிவிட்டால் போதாது. 'இல்லை' என்னும் சொல் வாயில் பழக வேண்டும். பேச்சுப் போட்டிக்கும் நாடகத்துக்கும் தமிழ்ப்பள்ளிகளில் குறைவில்லை. ஒரு மாணவன் தரகனாக நடிக்க, மற்றொருவன் அவனை மறுத்துக் கடந்து செல்லும் காட்சியை வகுப்பறையில் நடிக்கச் செய்தால், நாணம் அங்கேயே கழியும். கொலைக்களக் காதையைக் கற்பிக்கும் நாளில், பொற்கொல்லனைச் சந்தித்த கோவலன் எந்த இடத்தில் எந்தக் கேள்வியைக் கேட்டிருக்கலாம் என்று மாணவரை எழுதச் செய்தால், காப்பியமும் கற்றதாகும், வாழ்வும் கற்றதாகும்.

மேடைப் பேச்சாளர்களுக்கும் ஒரு சொல் உண்டு. 'ஏமாளித் தமிழன்' என்று முழங்கிக் கைத்தட்டல் பெறும் வழக்கத்தை அவர்கள் கைவிட வேண்டும். ஓர் இனத்தை ஏமாளி என்று ஓயாமல் அழைப்பது அதை விழிப்பூட்டுவது ஆகாது. இழந்ததைக் கேட்கவும் கூசுகின்ற அளவுக்கு அதைக் கூனச் செய்வதே ஆகும். குனியக் குனியக் குட்டுபவன் வெளியே இருக்கிறான். குனியச் சொல்லித் தருபவர் உள்ளேயே இருக்கக் கூடாது.

கோலாலம்பூரிலிருந்து வரும் பேருந்து நாளையும் தானா ராத்தாவில் வந்து நிற்கும். அதிலிருந்து இறங்கும் இளைஞர்களுள் ஒருவனுடைய சட்டைப்பை வெறுமையாக இருக்கலாம். பனி இறங்கும் மாலையில், வீட்டுக்குப் போவதா வேண்டாவா என்று அவன் நிலையத்திலேயே தயங்கி நிற்கலாம். அவனை வரவேற்கும் முதற்கேள்வி எது என்பதைப் பொறுத்தே அவன் அடுத்த நாள் காவல் நிலையத்துக்குச் செல்வதும், செல்லாமல் இருளில் ஒடுங்குவதும் அமையும். 'உன் புத்தி எங்கே போயிற்று?' என்ற கேள்வி வஞ்சகனுக்குத் துணை நிற்கிறது. 'யார் அவன்? எங்கே நிற்கிறான்? வா, சேர்ந்து போய் முறையிடுவோம்' என்பது அவனைப் பெற்றவரும் அவனுக்குக் கற்பித்தவரும் கேட்க வேண்டிய கேள்வி. அந்தக் கேள்வி பிறக்கும் வீட்டில் ஏமாந்தவன் இருக்கலாம், குற்றவாளி இருக்கமாட்டான்.